அமாவாசையில் ஒரு கிளப் விருந்து

கல்லூரியில் நான் சேர்ந்திருந்த மாணவர் கிளைக்கு ஆங்கிலத்தில் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பெயர். தனியார் கிளப்புகளை நிர்வகிக்கும் வேலைக்கு மாணவர்களைத் தயார் செய்கிற அமைப்பு அது. வீட்டில் அதைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தபோது, வேறு சொல் அகப்படாமல் 'மனமகிழ் மன்றம்' என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் ஊரில் அந்தப் பலகை தொங்குகிற இடத்தில் என்ன விற்கிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டல் படிப்புக்கு ஃபீஸ் கட்டியது குடிகாரனுக்கு ஊற்றிக் கொடுக்கவா என்று கேட்டாள்.  பக்கத்துத் தறியில் அப்பா அவர் பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தார்.

அது வேறு, இது வேறு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சென்னையில் பழைய கிளப்புகள் இருக்கின்றன, உறுப்பினர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம், நூலகம் இருக்கும், டென்னிஸ் ஆடுவார்கள், குடும்பத்தோடு வந்து சாப்பிடுவார்கள், அதையெல்லாம் கவனிக்க மேனேஜர் வேண்டும் என்று சொன்னேன். அப்படியானால் அது யாருடைய வீடு என்று கேட்டாள் அம்மா. எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரு வீடு மாதிரி என்றேன். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கும் அதனால்தான் பிடித்திருந்தது. முதல் வருடப் பயிற்சிக்கு ஒரு பெரிய ஓட்டலுக்கு அனுப்பினார்கள். காலையில் காபி கொடுத்து, பெயரைத் தெரிந்துகொண்டு, சர்க்கரை எவ்வளவு என்று மனதில் வாங்கி வைத்த ஆள் மறுநாள் பெட்டியோடு போய்விடுவார். அவர் படுத்த படுக்கைக்கு விரிப்பு மாற்றியதும் அவர் அங்கே இருந்ததற்கே அடையாளம் இருக்காது. எனக்கு அது ஒத்து வரவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூட்டாளி என்று அதிகம் பேர் கிடையாது. கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளத் தெரியாத ஜென்மம் நான். கிளப்பில் ஒரே ஆள் அதே நாற்காலிக்கு வருடக்கணக்காக வருவார், அவர் மகன் வருவான், பேத்தி வருவாள் என்று ஆசிரியர் சொன்னபோது, அப்படி ஓர் இடத்தில் இருந்தால் எனக்கும் மனிதர்கள் கிடைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நான் அந்தக் கிளையில் சேர்ந்த காரணம் இதுதான்.

தொடக்கத்தில் வகுப்பில் பாதிப் பேர் சேர்ந்திருந்தார்கள். புதன்கிழமை மதியம் கூட்டம். ஒருவர் செயற்குழுத் தலைவராக உட்காருவார், ஒருவர் கோபக்கார உறுப்பினராக வந்து சூப் ஆறிப்போயிற்று என்று மேசையைத் தட்டுவார், இன்னொருவர் மேனேஜராக நின்று சமாளிக்க வேண்டும். கோபக்கார வேஷத்துக்குத்தான் எப்போதும் போட்டி. முகங்களை நினைவில் வைக்கவும் பயிற்சி இருந்தது. ஆசிரியர் யார் யாருடைய புகைப்படங்களையோ கொண்டுவந்து ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துவிடுவார். பெயர், தொழில், என்ன சாப்பிடுவார், எது பிடிக்காது என்று சொல்ல வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

புகைப்படம் போதவில்லை என்று டவுன் பஸ்ஸிலும் பழகிக்கொண்டேன். எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம். கல்லூரி செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். தினமும் அதே பஸ், அதே ஆட்கள். யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார், யார் ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடுவார், எந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, எந்தப் பையன் டிக்கெட் வாங்காமல் இறங்கப் பார்ப்பான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. ஒரு நாள் நான் வராமல் போனால் கண்டக்டர்கூடக் கவனித்திருக்க மாட்டார். பயிற்சி என்ற நினைப்பில் அப்போது அது உறைக்கவில்லை.

மூன்றாம் வருடம் வந்ததும் கிளை கரைய ஆரம்பித்தது. இரண்டு பேர் கப்பல் வேலைக்குப் படிக்கப் போனார்கள். ஒருவனுக்கு ஒரகடத்தில் கம்பெனி கேன்டீனிலேயே வேலை கிடைத்துவிட்டது. எனக்கென்று இருந்த ஒரே தோழி, பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பவள், பெங்களூரில் ஓர் ஓட்டலில் இடம் கிடைத்துப் புறப்பட்டாள். போகும்போது, கிளப்பாவது கில்லப்பாவது, நீயும் கிளம்பி வா என்றாள். கொஞ்ச நாள் இரவில் போன் செய்தாள். பிறகு மெசேஜ் அனுப்பினாள். பிறகு என் மெசேஜுக்குக் கட்டைவிரல் மட்டும் வந்தது. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, அது நியாயமில்லாத கோபம் என்று தெரிந்தும்.

கடைசியில் கிளையில் நான் ஒருத்திதான். ஆனால் கூட்டம் நடத்தாவிட்டால் கிளையைக் கலைத்துவிடுவார்கள். அதனால் புதன்கிழமை மதியம் பயிற்சி உணவகத்தின் கதவைத் திறந்து, மேசைக்கு விரிப்புப் போட்டு, நானே முன்மொழிந்து நானே வழிமொழிந்தேன். ஆசிரியர் எட்டிப் பார்த்து, நடத்தும்மா நடத்து என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அறையில் மின்விசிறிச் சத்தத்தில் தனியாக உட்கார்ந்து, இல்லாத உறுப்பினருக்குக் கத்தியும் முள்கரண்டியும் வைப்பேன், கூட்டம் முடிந்ததும் நானே எடுத்துத் துடைத்து உள்ளே வைப்பேன். ஒரு தடவை நானே கோபக்கார உறுப்பினராகி மேசையைத் தட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. கிளை முழுதாக இருந்த காலத்தில் ஆசிரியர் எங்களைச் சென்னையில் ஒரு பழைய கிளப்புக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே மேனேஜர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதிராத பேச்சு. வாசலிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். ஒருவரிடம் கண் ஆபரேஷனைப் பற்றி, ஒருவரிடம் பேரனின் பரீட்சையைப் பற்றி. நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போனேன். இங்கே உங்கள் இடம் எது மேடம் என்று கேட்டேன். எனக்கு இடமே கிடையாது என்று சிரித்தார். உறுப்பினர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அவர்களோடு உட்கார மாட்டாராம். ஒரு மேசையில் உட்கார்ந்தால் அந்த மேசைக்கு வேண்டியவர் ஆகிவிடுவோம், மற்ற மேசைகளுக்கு வேண்டாதவர் ஆகிவிடுவோம், அதனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது நிற்பதுதான் என்றார். மற்றவர்கள் கால் வலிக்குமே என்று கேலி பேசினார்கள். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த கிளப் வருடத்துக்கு ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். தங்க இடம் கொடுத்து, பிறகு அங்கேயே வேலையும் கொடுக்கும். செயல்படுகிற கிளையிலிருந்துதான் எடுப்பார்கள். அந்த மாணவர் உறுப்பினர் விருந்து ஒன்றை முழுக்கத் தன் பொறுப்பில் நடத்திக் காட்ட வேண்டும், அந்த அம்மையாரே வந்து பார்ப்பார். இது தவறினால் எனக்கு இருந்தது ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஆபீஸ் வேலை, அதைத் தொடர்ந்து அதே மண்டபத்தில் என் கல்யாணம். இரண்டையும் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்த வெறியை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

விருந்துக்கு ஊரில் கொஞ்சம் பெரிய மனிதர்களாகப் பார்த்து அழைத்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, பட்டுக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும், ஒரு டாக்டர் தம்பதி, ஓரிக்கையிலிருந்து ஒரு பழைய பேங்க் மேனேஜர், இப்படி. ஒரு மாலைக்கு இவர்கள்தான் என் கிளப்பின் உறுப்பினர்கள். பரிமாற முதல் வருடப் பிள்ளைகள். சாப்பாட்டு வரிசை ஆசிரியர் போட்டுக் கொடுத்தது. கிரீம் சூப், மீன், கோழி, சைவத்துக்குக் காளான், கடைசியில் கேரமல் புட்டிங்.

அந்த விருந்துக்கு அம்மாவும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். குடிகாரனுக்கு ஊற்றிக் கொடுக்கிற வேலை இல்லை என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். முதலில் குறித்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு வரமுடியாது, தறியில் ஏற்றிய பாவு நூல் முடிகிற நேரம், கடையில் சேலை கேட்கிறார்கள் என்றாள். அம்மா தறியை விட்டு எழுந்திருக்கிற நாள் அமாவாசை மட்டும்தான். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ எங்களுக்கு அமாவாசை அப்படி. அதனால் விருந்தை அடுத்து வந்த அமாவாசைக்கு மாற்றி வைத்து, எல்லாருக்கும் புதுத் தேதியைப் போனில் சொன்னேன். எல்லாரும் வருகிறோம்மா, அவசியம் வருகிறோம் என்றார்கள். எங்கள் ஊரில் கூப்பிட்ட வாய்க்கு யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம், காலேஜில் ஒரு ஃபங்ஷன், வந்துவிடு என்று மட்டும் சொன்னேன்.

இவ்வளவு படிக்கிறபோதே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. வீட்டில் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. காலேஜில் அது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. அன்று மதியம் அப்பா தெருக்காரர்களோடு வேன் பிடித்து மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார். அம்மா படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, எனக்கு இலை போட்டாள். வடை, பாயசத்தோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், கோழிக்கு உப்பு போதுமா என்று பார்த்தவள் நான்.

சாயங்காலம் முதலில் வந்தது அம்மாதான். பயிற்சி உணவகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள், வேண்டாம் என்று தடுத்தேன். வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள், மடித்து நிறுத்திய துணிகள் எல்லாவற்றையும் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"இன்னாடி, அமாவாசையும் அதுவுமா கோழி வாசனை வருது?"

அமாவாசையில் யாரும் கவிச்சி தொடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் தலைமை ஆசிரியை வந்துவிட்டார். உட்கார்ந்ததும் தட்டை மெதுவாக ஓரம் தள்ளி, இன்று இரவு எனக்குப் பலகாரம்தான், அதுவும் வீட்டில்தான், நீ கூப்பிட்டாயே என்று வந்தேன் என்றார். கடைக்காரரும் அதையே சொன்னார். டாக்டர் மனைவி, காய்ச்சின பால் இருந்தால் போதும் என்றார். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் மரியாதைக்கு வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சென்னை அம்மையார் வந்து ஓரத்து மேசையில் அமர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் கோபக்கார உறுப்பினர் யாருமே இல்லாதபோது எதிலிருந்து ஓடுவது? முதல் வருடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, சமைத்த எல்லாவற்றையும் ஆண்கள் விடுதிக்கு அனுப்பச் சொன்னேன். அங்கே அன்றைக்குத் தீபாவளிதான் கொண்டாடியிருப்பார்கள். சமையல்கட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னல்களைத் திறந்து, கத்தி முள்கரண்டிகளை ஓசைப்படாமல் எடுக்கவைத்தேன். கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் ரஸ்தாளிச் சீப்புகளும் பாலும் பனங்கற்கண்டும் வாங்கிவரச் சொன்னேன். பாலைக் காய்ச்ச எதுவுமே சமைக்காத புதுப் பாத்திரம் ஒன்று ஸ்டோரில் இருந்தது. அதைத் தலைமை ஆசிரியைக்குக் காட்டிவிட்டே அடுப்பில் வைத்தேன். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

ஆக, சூப்புக் கிண்ணத்தில் பாலும் மீன் தட்டில் வாழைப்பழமுமாக என் விருந்து நடந்தது. பால் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. சாப்பாட்டு வேலை இல்லாததால் பேச ஆரம்பித்தார்கள். குழாய்த் தண்ணீர் வராத தெருக்களைப் பற்றி, வெளியூர் போன பிள்ளைகளைப் பற்றி, கோயில் பெருமாளுக்குக் குடை வாங்கின கதையைப் பற்றி. பேங்க் மேனேஜர் டாக்டரைச் சீண்டினார். அம்மாவைக் கடைக்காரர் மனைவிக்கும் தலைமை ஆசிரியைக்கும் நடுவில் உட்காரவைத்திருந்தேன். சேலையின் உடலோடு கரையை இணைக்கிற கோர்வை போடுகிறபோது இரண்டு ஆள் இல்லாமல் எப்படி என்று கடைக்காரர் மனைவி கேட்க, அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை என்னவோ சொன்னார், அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். வெளி மனிதர்களோடு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புதன்கிழமைகளில் நான் யாருமில்லாத நாற்காலிகளுக்கு விரிப்பு விரித்த அறையா இது என்றிருந்தது. என் கிளப் நிஜமாகவே கிளப்பாகிவிட்டது. நான் சுவரை ஒட்டி, சுவரில் சாயாமல் நின்று யார் கோப்பை காலி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இருந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வரவேண்டிய ஒருவர் வரவில்லை. அம்மா என்னைப் பார்த்து அந்த நாற்காலியைத் தட்டினாள்.

"வாடி, எவ்ளோ நேரம் நின்னுக்கினே இருப்ப? இவங்ககிட்ட உன்னைப் பத்திதான் சொல்லிக்கினு இருக்கேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாம்மா, உட்காரு என்று தலைமை ஆசிரியையும் சொன்னார். அப்படி என்னை யாரும் ஒரு மேசைக்குக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. போய் உட்கார வேண்டும் என்று உடம்பெல்லாம் ஆசையாக இருந்தது. ஓரத்து மேசையில் அந்த அம்மையார் பால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புன்னகையோடு, பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எழுந்து வந்து சுவரோரம் என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"நீ நின்னுக்கினு இருக்கறப்ப நான் எப்பிடிமா உக்காந்துக்கினு இருக்கறது?"

அவள் தோள் என் தோளில் இடித்தது. மூன்று வருடமாகப் பழகிய குரல் என் வாயிலிருந்து தானாக வந்தது.

"உட்காருங்கம்மா. உங்களுக்கு என்ன வேணுமோ சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே, உறுப்பினர்களுக்குச் செய்வது போல, கையை நீட்டி வழிகாட்டி, அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தேன். அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கோர்வையைப் பற்றிக் கேட்டபோதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

விருந்தினர்கள் சீக்கிரமே கிளம்பினார்கள். கிளம்பும்போது ஒவ்வொருவரும், அடுத்து எப்போது கூப்பிடுவாய் என்று கேட்டார்கள். அம்மையார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அமாவாசையில் கோழி போட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை என்றார்.  அதை நீ சமாளித்துவிட்டாய், சமாளிக்க யாரும் கற்றுக்கொள்ளலாம் என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா கூப்பிட்டும் நீ உட்காரலை. அதைப் பார்த்தேன். ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துடு."

அம்மாவும் நானும் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். கூட்டமில்லை. இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். நல்லா இரு என்று என் தலையில் கை வைத்தாள். தங்குவதற்கு ரூம் உண்டா, பூட்டு இருக்குமா, யார் துணை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு பாலம் தாண்டி செவிலிமேடு வரும்வரை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி வந்தாள். கோபமோ என்று நினைத்து, அப்படிப் பேசியிருக்கக்கூடாதும்மா என்று ஆரம்பித்தேன். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"சீ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அத்தினி பேரையும் எப்பிடிக் கவனிச்சியோ அப்பிடியே என்னையும் கவனிச்ச. ஒரு குறை வெக்கல."

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அந்த வேலைக்கு நான் சரியான ஆள்தான் என்பது அம்மையார் சொன்னபோதுகூட எனக்கு முழுசாக உறைக்கவில்லை, அம்மா சொன்னபோதுதான் உறைத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எங்கள் நிறுத்தம் வரும்வரை அழுதேன்.